பங்குதாரர் கைக்கு வந்த வரலாறு

உலகத்தில் நம்பிக்கையை வளர்த்தவர்கள் என்று மூன்று வகையினரைச் சொல்லலாம்: மதம் கண்டவர்கள், வங்கி கண்டவர்கள், என் அப்பா. முதல் இரு வகையினரையும் நம்பிக் கெட்டவர்கள் உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்பாமீது அப்படி ஒரு புகார் எழ வாய்ப்பே இல்லை. அவரை நம்பியது ஒரே ஒரு ஜீவன். அதன் எடை ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. புகார் கொடுக்கும் அளவுக்கு அது இன்னும் பேசப் பழகவில்லை.

அப்பா, கதவுப் பூட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாளர் துறைத் தலைவர். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பாதவரை நொடித்துப்போகாத தொழில் அது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஒருநாள் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது: நம் ஊழியர்கள் நம்மை நம்புகிறார்களா? உடனே ஒரு கருத்துக்கணிப்பு. பெயர் எழுத வேண்டாம், மனத்தில் பட்டதை அச்சமின்றிச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். ஊழியர்கள் அச்சமின்றி இருப்பதை உறுதிசெய்ய, அப்பா ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்றுகொண்டார். அவருடைய துறையில் அத்தனை பேரும் 'மேலாளரை முழுமையாக நம்புகிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டார்கள். ஒருவருக்கு மட்டும் கை நடுங்கி, பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. தலைமை அலுவலகம் அந்தக் கிழிசலைப் பார்த்து யோசித்தது.

யோசித்து, துறைத் தலைவர்களுக்கு ஒரு 'நம்பிக்கைப் பயிற்சி' ஏற்பாடு செய்தது.

பயிற்சியாளர் கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ அணிந்தவர். 'நான்' என்று சொல்லும்போது தன் நெஞ்சைத் தொடுவார். 'நீங்கள்' என்று சொல்லும்போதும் தன் நெஞ்சைத்தான் தொடுவார். அவர் சொன்னாராம்: "மனுஷங்க நம்பற மாதிரி நடிப்பாங்க. குருவி நடிக்காது. ஆளுக்கு ஒரு குருவி வாங்குங்க. ரொம்பப் பயந்த குருவியா இருக்கணும். அது தானா உங்க கைல வந்து உக்காரணும். அந்த வீடியோவைக் கொண்டுவாங்க, 'நம்பிக்கைச் சிற்பி' பட்டம் தர்றேன்."

மற்ற துறைத் தலைவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா பறவைக் கடைக்குப் போனார். கூண்டைத் தூக்கிவர நானும் போனேன்.

"பயந்த குருவி ஒண்ணு வேணும்" என்றார் அப்பா.

"பட்ஜிக் குருவியா சார்? எல்லாம் பயந்ததுதான். கடைல வேற எப்படி இருக்கும்?" என்றார் கடைக்காரர்.

"இருக்கறதுலயே ரொம்பப் பயப்படறது எது?"

கடைக்காரர் பெரிய கூண்டுக்குள் கையை விட்டார். எல்லாக் குருவிகளும் பறந்தன. பச்சை நிறத்தில் ஒன்று மட்டும் பறக்கக்கூடத் தோன்றாமல், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டு, உடம்பு வெளியே தெரிகிறது என்பதை மறந்து ஒளிந்திருந்தது.

"அதக் குடுங்க" என்றார் அப்பா. ஒரு நல்ல பணியாளர் துறைத் தலைவருக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

வீட்டில் பெயர் சூட்டும் கூட்டம் நடந்தது. "பச்சையா இருக்கு, பச்சைன்னே கூப்பிடலாம்" என்றாள் அம்மா. "நிறத்த வெச்சுக் கூப்பிடறது மரியாதை இல்ல" என்று அப்பா அந்தத் தீர்மானத்தை நிராகரித்தார். "இந்த முயற்சில அதுக்கும் சம பங்கு இருக்கு. அதனால 'பங்குதாரர்'." எங்கள் வீட்டில் 'ர்' விகுதி பெற்ற இரண்டாவது உறுப்பினர் பங்குதாரர். முதலாமவர் அப்பா. அம்மாவும் அக்காவும் நானும் இன்னும் அந்தப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறோம்.

இங்கே அப்பாவின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஹாலில் உட்கார்ந்து "தண்ணி" என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு டம்ளரோடு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, காதோடு பேசுகிற குரலில் விதிகளை வாசித்தார். பங்குதாரர் இருக்கும் அறையில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. சட்டென்று கை வீசக் கூடாது. மேலிருந்து குனிந்து பார்க்கக் கூடாது. அப்படிப் பார்ப்பவை பருந்துகள். எதைச் செய்வதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பங்குதாரர் பயந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும். 'ஏன் பயப்படறே, நான் என்ன கடிச்சா திங்கறேன்' என்று எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே பயத்தை அதிகமாக்கும்.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வியை எங்களிடம் வாரம் ஒருமுறையாவது கேட்டு வளர்த்தவர் அவர்.

"அப்பா, இந்த விதியெல்லாம் எங்களுக்கும் உண்டா?" என்றேன்.

"பின்ன? நீங்கதான் முக்கியமாக் கடைப்பிடிக்கணும்" என்றார்.

மறுநாளிலிருந்து வீடு நாகரிகமடைந்தது. குக்கர் பால்கனிக்குக் குடிபெயர்ந்தது. மிக்சியைக் குளியலறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா தேங்காய் அரைத்தாள். வாசல் மணியின் ஒயர் பிடுங்கப்பட்டது. ஹாலுக்குள் நுழைகிறவர்கள் அறிவிப்பு செய்துகொண்டே நுழைந்தோம்.

"ஏங்க, நான் வர்றேன். வெங்காயம் எடுக்கப் போறேன். எடுத்துட்டேன். திரும்பிப் போறேன்" என்பாள் அம்மா, ரயில் நிலைய ஒலிபெருக்கியின் நிதானத்தோடு.

அப்பாவைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: பொறுமையில் அவருக்கு நிகரில்லை. முதல் சில நாள் வாசற்படி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செய்தித்தாளைக்கூடப் புரட்டாமல், ஒரே பக்கத்தைப் படித்தார். பிறகு நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். பயந்தால் பங்குதாரர் இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு பச்சை மிளகாய்போல் ஆகிவிடுவார். நிம்மதியானால் உப்பி, காயாக இருக்கும் எலுமிச்சை ஆவார். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா எங்கள் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். கூண்டைப் பார்ப்பார். "மிளகாயா, எலுமிச்சையா?" என்பார் கிசுகிசுப்பாக. "முக்கால் மிளகாய்" என்பாள் அம்மா. நாற்காலி அரைச் சாண் பின்னால் போகும். முகத்தில் சலிப்பு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்குதாரரைப் பார்த்து அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பல் தெரியாமல், கண்ணை மெதுவாக மூடித் திறந்து.

"கல்யாண போட்டோலகூட இவர் இப்படிச் சிரிக்கலயே" என்றாள் அம்மா, தேங்காய் அரைக்கப் போகும் வழியில்.

நாற்காலி கூண்டை அடைந்தது. கை கூண்டுக்குள் போனது. உள்ளங்கையில் தினைக்கதிர். மாலை நேரம் முழுக்க அப்பா அசையாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டார். பங்குதாரர் கூண்டின் மறுகோடியில் இருந்து அந்தக் கையை, வட்டி விகிதத்தைப் படிப்பவர்போல் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் குடும்பம் ஒரு மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தது. கண்டுபிடித்தவன் நான். அடக்கம் காரணமாக இதை ஒரே ஒருமுறைதான் சொல்கிறேன்.

அன்று அப்பாவின் ஸ்கூட்டரை அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், எங்கள் குடியிருப்பின் இரும்புக் கதவில் அதன் முன்விளக்கைச் சோதித்துப் பார்த்திருந்தேன். விளக்கு தோற்றுவிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட செய்தியை அம்மா வழியாக அனுப்பிவிட்டு, நண்பன் வீட்டுக்குக் 'கூட்டாகப் படிக்க'ப் போய்விடுவேன். அன்று ஹால் வாசலில் நின்று யோசித்தேன். அப்பாவின் கை கூண்டுக்குள். அவரால் எழ முடியாது. கத்த முடியாது. முறைக்கக்கூட முடியாது; பங்குதாரர் முகத்தைப் பார்ப்பார்.

"அப்பா, நான் வர்றேன். ஒரு விஷயம் சொல்லப் போறேன். சொல்றேன். உங்க ஸ்கூட்டர கேட்டுல இடிச்சிட்டேன்."

அப்பாவின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. சிரிப்பு மாறவில்லை. தாலாட்டுக் குரலில் ஆரம்பித்தார்.

"அப்படியாடா கண்ணா... எதுடா போச்சு... ஹேண்டிலா... லைட்டா..."

"லைட்டுப்பா."

"லைட்டாடா செல்லம்... உன் கால ரெண்டா முறிச்சு... அடுப்புல வெக்கறேன்டா... என் ராஜா... வெளில வாடா... உனக்கு இருக்குடா தங்கம்..."

பங்குதாரருக்கு அந்த ராகம் மிகவும் பிடித்துவிட்டது. மறுகோடியிலிருந்து நடுக்கம்பிக்குத் தாவினார். அதுவரை நடக்காத சாதனை. அப்பா ஸ்கூட்டரை மறந்தார். கையை வெளியே எடுத்தபோது அவர் கண் பனித்திருந்தது. அந்த நிலையில் ஒரு மனிதன் மகனை எப்படி அடிப்பான்?

செய்தி சமையலறைக்கு எட்டியது. மறுநாளே அம்மா ஹாலுக்கு வந்தாள்.

"ஏங்க, நான் வர்றேன். என் தம்பி குடும்பத்தோட பத்து நாள் வந்து தங்கப் போறான். சொல்லிட்டேன். திரும்பிப் போறேன்."

"வரட்டும்மா... வரட்டும்..." என்று பாடினார் அப்பா. "போன தடவ வந்து... என் ஷூவப் போட்டுட்டுப் போனானே... அந்த மகராசனா... வரட்டும்... மொட்டை மாடில... தண்ணித் தொட்டிக்குள்ள... படுக்க வெக்கலாம்..."

பங்குதாரர் இன்னும் ஒரு கம்பி முன்னேறினார். மாமா வந்து, தங்கி, அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போனார். இவ்வாறாக எங்கள் வீட்டில் 'பொதுமன்னிப்பு நேரம்' என்னும் அமைப்பு வேரூன்றியது. அம்மாவும் நானும் பழைய பாக்கிகளையெல்லாம் அதில் தீர்த்துக்கொண்டோம். சில நாள் சொல்வதற்குத் தப்பே இல்லாமல், அவசரமாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

அக்கா மட்டும் அந்த வசதியைப் பயன்படுத்தவில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். அது பொதுமன்னிப்புக்குள் அடங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தாள். அதாவது, பார்த்துக்கொண்டிருப்பதாக அப்பா நம்பினார். நாள் முழுக்க, கோபமாக இருக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் கனிவாகப் பேசுகிற வேலை. வீட்டில் வளர்ந்த அனுபவத்தில் அந்த வேலை அவளுக்குச் சுலபமாகவே வந்தது. ஒத்துவராதது அங்கிருந்த சூப்பர்வைசர். அக்கா பேசிய அழைப்புகளில் எங்காவது தடுமாறியிருந்தால், அதைப் பதிவிலிருந்து எடுத்து, பயிற்சிக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுவார். அவள் திக்கிய இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். "சிரிங்க, சிரிச்சாத்தான் அவங்களுக்கு உறைக்கும்" என்பார். ஒருநாள் அக்கா ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அது நடந்து நாலு மாதம். அதற்குப் பிறகும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப்போய், பொது நூலகத்தில் உட்கார்ந்து, மீன்வளத் துறை வெளியிடும் இதழ்களைப் படித்துவிட்டு மாலையில் 'களைத்து' வந்தாள். அந்த அலமாரிப் பக்கம்தான் தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்களாம். எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

"அப்பாட்ட சொல்லிடேன்க்கா."

"என்னன்னு சொல்றது? 'ஆபீஸ்ல கத்தினாங்க, தாங்க முடியல, விட்டுட்டேன்'னா? அங்கயாவது ஒருத்தன்தான்டா கத்தினான்."

"இப்ப பொதுமன்னிப்பு இருக்குல்ல?"

"ஸ்கூட்டர் லைட்டும் இதுவும் ஒண்ணா?" என்றாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். "அதுக்கு மட்டும் எப்படிடா ஒரு மாசமாப் பொறுமையா உக்காந்திருக்காரு?"

இந்தக் கேள்வியை அவள் பொறாமையில் கேட்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், உப்பி நின்ற எலுமிச்சையின் மகிழ்ச்சியோடு அறிவித்தார்: "இன்னும் கொஞ்ச நாள்ல பங்குதாரர் கைக்கு வந்துடுவாரு. வந்ததும் வீடியோவோட ஒரு சொற்பொழிவு பண்ணப் போறேன். 'அச்சமற்ற அலுவலகம்'னு தலைப்பு. முதல் சொற்பொழிவு எங்க தெரியுமா? உன் ஆபீஸ்லதான்மா. உங்க பயிற்சி அதிகாரிகிட்ட பேசிட்டேன். மேடைல என்னை அறிமுகப்படுத்தப் போறது நீ."

அக்காவின் கையிலிருந்த சோறு வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

அன்றிலிருந்து பங்குதாரர் ஒரு கம்பி முன்னால் வந்தால் அக்கா முகத்தில் ஒரு சுற்று இரத்தம் குறையும். அப்பா குளிக்கப் போகும் நேரத்தில் அவள் கூண்டருகே போய் நின்றாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்களேன்" என்று பங்குதாரரிடம் கெஞ்சினாள். "என்ன அவசரம் உங்களுக்கு?"

ஈரத் தலையோடு வந்த அப்பா அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "பாத்தியா, அவளும் நம்பிக்கை வளர்க்கறா" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார்.

பங்குதாரர் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவின் விரல் நுனிவரை வந்து, அலகால் நகத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு நின்றார். அப்பா உதட்டை அசைக்காமல் எனக்கு உத்தரவிட்டார்: "வீடியோ எடு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாத." நான் எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போது அக்கா ஹால் வாசலில் வந்து நின்றாள். இன்று விட்டால் நாளை சொற்பொழிவுக்குத் தேதி குறித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நான் வர்றேன்" என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

"வா... மெதுவா வா..." என்றார் அப்பா.

அக்கா ஓர் அடி உள்ளே வைத்தாள். "நான் வேலைய விட்டுட்டேன்பா. நாலு மாசமாச்சு."

"ம்... பயப்படாத... யாரு உன்ன என்ன சொன்னது..."

அக்கா என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"சூப்பர்வைசர்பா. எல்லார் முன்னாடியும் என் குரலப் போட்டுக் காட்டி சிரிக்க வெப்பாரு. நாலு தடவ, அஞ்சு தடவ. எனக்கு அதுக்கப்புறம் போன எடுத்தாலே பேச்சு வரல. உங்ககிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு. நீங்களும் கத்துவீங்கன்னு."

"நான் எதுக்குடா கத்தப் போறேன்... நான் இருக்கேன்ல... என்னப் பாத்தா பயமாவா இருக்கு... வா தங்கம்... இன்னும் கொஞ்சம்..."

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இன்னும் ஓர் அடி வைத்தாள். பங்குதாரரும் ஓர் அடி வைத்தார். அப்பாவின் விரலில் ஏறி நின்று, தினைக்கதிரைக் கொத்த ஆரம்பித்தார். ஒரு கால் அப்பாவின் மோதிரத்தின்மேல் இருந்தது. அப்பா மூச்சே விடவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். இந்தப் பூமியில் ஓர் உயிர் தன்னை நம்பிவிட்டது என்று தெரிந்த மனிதனின் முகம் அது.

பங்குதாரர் தின்று முடித்துக் கம்பிக்குத் திரும்பினார். அப்பா கையை மெதுவாக வெளியே எடுத்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"அட, நீ எப்ப வந்த? ஏதோ பேசிட்டிருந்தியே, என்ன?"

அக்காவின் கை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

"வீடியோ எடுக்கறப்ப பேசலாமாம்மா? சரி, போகட்டும்." என்னிடம் திரும்பினார். "நிறுத்துடா. அந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துட்டு, புல்லாங்குழல் மாதிரி ஏதாவது சேத்துடு."

அந்த வாரம் முழுக்க அப்பா அந்த வீடியோவைக் கைப்பேசியில் பார்த்தார். பங்குதாரர் மிரளக் கூடாது என்பதற்காக எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டே பார்த்தார். சொற்பொழிவுக்குத் தேதி குறித்தார்கள்; இடம், அக்காவின் குரலைப் போட்டுக் காட்டிய அதே பயிற்சிக் கூடம். நான் புல்லாங்குழல் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சத்தத்த எடுக்காத."

"அப்பா எடுக்கச் சொன்னாரே."

"எனக்கு ஒரு தடவதான்டா தைரியம் வந்துச்சு. அது இதுக்குள்ளதான் இருக்கு. திரும்ப நேர்ல போய்ச் சொல்ல என்னால ஆகாது."

"அது உன் பழைய ஆபீஸ்க்கா. அந்தாளும் இருப்பான்."

"இருக்கட்டும். அந்த ரூம்ல என் குரல இத்தன நாள் அவன் போட்டான். ஒரு தடவ நான் போடறேன்."

இரண்டு உத்தரவுகள் முரண்பட்டால் பிந்தியதுதான் செல்லும் என்பது அலுவலக மரபு. நான் மரபை மதிப்பவன்.

சொற்பொழிவு நாள். "நான் நேரா அங்க வந்துடறேன்பா" என்று அக்கா சொல்லிவிட்டாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மேடையில் அவளைக் காணாததற்கு அப்பாவே பயிற்சி அதிகாரிக்குச் சமாதானம் சொன்னார்: "வேலைல மூழ்கியிருப்பா. தொந்தரவு பண்ணாதீங்க. அப்பான்னா ரொம்ப மரியாதை அவளுக்கு." பயிற்சி அதிகாரிக்கு அங்கே வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்களில் யார் மகள் யார் என்று தெரியாது. தலையாட்டி வைத்தார். முன்வரிசையில் இருந்த ஒருவரை அழைத்து, "இவர்தான் எங்க அழைப்புப் பிரிவு சூப்பர்வைசர். 'நம்பிக்கை' இவருக்குப் பிடிச்ச சப்ஜெக்ட்" என்று அறிமுகப்படுத்தினார்.

சூப்பர்வைசர் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "உங்களை மாதிரி ஆளுங்க சொன்னாத்தான் சார் எங்க பிள்ளைங்களுக்கு உறைக்கும்" என்றார். அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. "தங்கமான மனுஷன்" என்று என் காதில் சொன்னார்.

அப்பா பேசினார். என்ன பேச்சு அது. பயந்தவரிடம் குரலை உயர்த்துவது, பூட்டிய கதவில் முட்டிக்கொள்வது போன்றது என்றார். பயம் வந்தால் பின்வாங்க வேண்டியது பெரியவர்தான், சிறியவர் அல்ல என்றார். "நான் என்ன கடிச்சா திங்கறேன்னு கேக்கறோம் பாருங்க, அதவிடக் கொடுமை எதுவும் இல்ல" என்றபோது, பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே, அவர் என் அப்பா என்பதை மறந்துவிட்டுக் கைதட்டினேன்.

"இப்ப, பேச்சை நிறுத்திட்டு நிரூபணத்துக்குப் போவோம்" என்று எனக்குச் சைகை செய்தார்.

விளக்குகள் அணைந்தன. திரையில் அப்பாவின் கை, ஒரு கதவளவு பெரிதாக. அதை நோக்கி ஒரு பச்சைக் குருவி. நான் ஒலியைக் கடைசிவரை திருகினேன்.

'அப்பா, நான் வர்றேன். ஒண்ணு சொல்லணும்.'

கூட்டம் புன்னகைத்தது. குருவிக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். 'நான் வேலைய விட்டுட்டேன்பா' என்றதும் சிலர் சிரித்தார்கள். 'எல்லார் முன்னாடியும் என் குரலப் போட்டுக் காட்டி' என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கம். முன்பு அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு தலையாகத் திரும்பி முன்வரிசையைப் பார்த்தது. முன்வரிசை நேராகத் திரையையே பார்த்தது.

மேடை ஓரத்தில் நின்றிருந்த அப்பா முதலில் என்னைப் பார்த்தார், புல்லாங்குழல் எங்கே என்ற பார்வையில். பிறகு திரையைப் பார்த்தார். தன் குரல் அவ்வளவு இனிமையாக, 'நான் எதுக்குடா கத்தப் போறேன், நான் இருக்கேன்ல' என்று தன் மகளுக்குப் பதில் சொல்வதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். குருவி விரலில் ஏறியது. யாரும் கைதட்டவில்லை. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு என்பதால் வீடியோ மேலும் ஓடியது.

'அட, நீ எப்ப வந்த? ஏதோ பேசிட்டிருந்தியே, என்ன?'

'ஒண்ணுமில்லப்பா.'

விளக்குகள் எரிந்தன. கடைசி வரிசைக்குப் பின்னால், கதவருகே அக்கா நின்றிருந்தாள். ஒரு கை கதவின் கைப்பிடியில் இருந்தது. அப்பா அவளைக் கண்டுபிடித்துவிட்டார். கழுத்தில் அந்த நரம்பு எழுந்தது. வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, நரம்பு இறங்கிவிட்டது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. மேடையிலிருந்து ஒரு படி இறங்கினார். அக்கா கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பயிற்சி அதிகாரி எழுந்து தொண்டையைச் செருமினார். நிகழ்ச்சி நிரலில் அடுத்து இருந்தது 'கேள்வி நேரம்'. நிரலை மீறிப் பழக்கமில்லாதவர். "யாருக்காவது கேள்வி இருந்தா..." என்றார்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சூப்பர்வைசர். மடியில் காகிதம், கையில் பேனா. முகத்தில் கற்றுக்கொள்ளும் ஆர்வம் தவிர வேறு எதுவும் இல்லை.

"அருமை சார். மனசைத் தொட்டுட்டீங்க. ஒரே ஒரு சந்தேகம். கூடவே இருக்கற ஒரு உயிர் நம்மளப் பயமில்லாம நம்பறதுக்கு, சராசரியா எவ்வளவு காலம் ஆகும்? ஒரு இலக்கு வெச்சுக்கலாம்னு பாக்கறேன்."

அப்பா அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேள்வி காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கான பதிலை வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தார். ஒலிவாங்கி கையில் இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொறுமையா இருந்தா... ஒன்றர மாசம்."

"எனக்கு இருபத்து நாலு வயசுப்பா" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

சூப்பர்வைசர் அதையும் எழுதிக்கொண்டார்.